25 ரூபாய் பங்கு: கடைக்காரர்கள் ஓட்டிய கப்பல்

வ.உ.சி. என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மூணு விஷயம்தான். கப்பல், செக்கு, சிவாஜி. பள்ளிக்கூடத்தில் ரெண்டு மார்க் கேள்விக்கு அது போதும். வெள்ளைக்காரனை எதிர்த்துக் கப்பல் விட்டார், ஜெயிலில் செக்கிழுத்தார், அவ்ளோதான். ஆனால் ஒரு கேள்வியை யாரும் நம்மிடம் கேட்டதில்லை. கப்பல் வாங்கக் காசு யார் கொடுத்தது? வ.உ.சி. ஒரு வக்கீல். ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை இல்லை. கப்பல் என்ன, ஆயிரம் ரெண்டாயிரத்தில் கிடைக்கிற பொருளா?

இதற்குப் பதில் தேடினால் நாம் போய் நிற்பது ஒரு சின்ன ஊரின் கடைத்தெருவில். தூத்துக்குடி. நம்ம அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் தெருவுக்கு ஒரு அண்ணாச்சி கடை இருக்கிறதே, அந்த அண்ணாச்சிகளில் பலருக்கு அந்தப் பக்கம்தான் சொந்த ஊர். அதனால் இது நமக்கு ரொம்பத் தூரத்துக் கதையும் இல்லை. வ.உ.சி.யின் வாழ்க்கையை இந்தத் தடவை மேடைப் பக்கமிருந்து பார்க்காமல் கடைப் பக்கமிருந்து பார்ப்போம்.

முதலில் ஊர். 1901 கணக்கெடுப்பில் தூத்துக்குடியின் மக்கள்தொகை 28,048. இன்றைய ஆவடியில் ஒரு சில வார்டுகளைச் சேர்த்தால் அவ்வளவு பேர் வந்துவிடுவார்கள். ஆனால் அந்தச் சின்ன ஊருக்கு ரயில் இருந்தது, 1876லேயே வந்துவிட்டது. கடல் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பு இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் இங்கிருந்து போன தமிழர்கள். அவர்கள் சாப்பிட அரிசி, மிளகாய், கருவாடு, கருப்பட்டி எல்லாம் இங்கிருந்துதான் போக வேண்டும். போகிற ஆளும் வருகிற ஆளும் இந்த ஊர் வழியாகத்தான். இது போக பருத்தி, உப்பு. ஊரில் பாதிப்பேர் ஏதோ ஒரு விதத்தில் கொழும்பு வியாபாரத்தை நம்பியே இருந்தார்கள்.

துறைமுகம் என்றால் இன்றைக்கு நாம் பார்ப்பது போல கப்பல் வந்து சுவரை ஒட்டி நிற்காது. கடல் ஆழம் கம்மி. நீராவிக் கப்பல் கரையிலிருந்து சில மைல் தள்ளியே நங்கூரம் போடும். மூட்டைகளைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். அந்த வேலைக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சாக்குத் தைப்பவர், மூட்டை தூக்குபவர், மாட்டுவண்டிக்காரர், தோணிக்காரர், தரகர், கணக்குப்பிள்ளை, இவர்களுக்கெல்லாம் டீக்கு முந்தைய காலத்தில் நீராகாரமும் பலகாரமும் விற்ற சின்னக் கடைகள். இத்தனை பேரின் பிழைப்பும் ஒரே ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கயிற்றின் பெயர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. ஊரில் சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. நீராவிக் கப்பல் என்றால் அவர்களுடையதுதான், அதனால் சரக்குக் கூலி அவர்கள் சொல்வதுதான். பிடிக்கவில்லை என்றால் நீந்திக்கொண்டு போக வேண்டியதுதான்.

இந்த ஊருக்கு 1900இல் குடிவந்தார் வ.உ. சிதம்பரம் பிள்ளை. பிறந்தது 1872 செப்டம்பர் 5, ஒட்டப்பிடாரம். அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல். வ.உ.சி. 1895இல் ஒட்டப்பிடாரத்திலேயே வக்கீல் தொழிலைத் தொடங்கினார். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வழக்காடுவார் என்று பெயர். தூத்துக்குடிக்கு வந்த பிறகு கோர்ட்டும் கடைத்தெருவும்தான் அவர் புழங்கிய இடம். வியாபாரிகளின் வழக்கு என்றால் பாக்கி, பங்கு, சரக்கு, வாடகை இதுதானே. ஒரு ஊரின் வியாபாரம் எப்படி ஓடுகிறது, எங்கே அடைக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் ஏது?

1905இல் வங்காளத்தைக் கர்சன் ரெண்டாகப் பிரித்தார். சுதேசி இயக்கம் கிளம்பியது. பெரும்பாலான ஊர்களில் சுதேசி என்றால் சீமைத்துணியைக் கொளுத்துவது, கூட்டம் போடுவது. வ.உ.சி. கொளுத்துவதைவிடக் கட்டுவதில் ஆர்வம் கொண்டவர் என்று எனக்குத் தோன்றுகிறது. சுதேசிப் பொருள் விற்கும் பண்டகசாலை, தரும சங்க நெசவுச் சாலை, சுதேசிப் பிரசார சபை என்று ஒவ்வொன்றாக ஆரம்பித்தார். அதன் பிறகு அந்த ஊரின் உண்மையான அடைப்பில் கை வைத்தார். கப்பல்.

1906 அக்டோபர் 16. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது இந்த 25தான். பத்து லட்சம் திரட்ட வேண்டுமானால் பங்கை ஆயிரம் ரூபாய் என்று வைத்து ஆயிரம் பணக்காரர்களைத் தேடியிருக்கலாம். வேலையும் சுலபம், கணக்கும் சுலபம். 25 ரூபாய் என்று வைத்தால் சின்னக் கடைக்காரரும் மனசு வைத்தால் வாங்க முடியும். அன்றைக்கு அது சும்மா தூக்கிப் போடுகிற காசு இல்லை, யோசித்து எடுத்துக் கொடுக்க வேண்டிய காசு. ஆனால் எட்டாத காசும் இல்லை. பங்கு வாங்கியவர் அந்தக் கப்பலில்தான் மூட்டையை ஏற்றுவார், தனக்குத் தெரிந்தவரையும் ஏற்றச் சொல்வார். முதலீட்டாளரும் வாடிக்கையாளரும் ஒரே ஆள். இன்றைக்கு ஸ்டார்ட்-அப் நடத்துகிறவர்கள் தலைகீழாக நின்றாலும் கிடைக்காத விஷயம் அது.

பங்குகளை இந்தியர்களும் இலங்கைக்காரர்களும் மற்ற ஆசியர்களும் மட்டுமே வாங்கலாம் என்று விதி. எல்லாம் சின்னச் சின்னப் பங்குகளாகவே சேர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வியாபாரி ஒருவரே 8,000 பங்குகளை வாங்கினார். 2 லட்சம் ரூபாய், அதாவது மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அவர் இல்லாமல் கப்பல் கரையை விட்டு நகர்ந்திருக்காது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் கம்பெனிக்குத் தலைவர். வ.உ.சி. உதவிச் செயலாளர். பதவிப் பெயர்தான் உதவி. ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றது அவர்.

நம்ம துறைக்காரர்களுக்கு இன்னொரு தகவல். கம்பெனியின் நோக்கங்கள் என்று எழுதி வைத்ததில் ஆட்களை ஏற்றி இறக்குவது மட்டும் இல்லை. நம்மவர்களுக்குக் கப்பல் ஓட்டவும் கட்டவும் கற்றுத் தருவது, அதற்குப் பள்ளிகள் ஏற்படுத்துவது, கப்பல் கட்டும் துறை அமைப்பது என்பதெல்லாமும் அதில் உண்டு. 1906இல், ஒரு வக்கீலும் சில வியாபாரிகளும் சேர்ந்து எழுதினது.

ஆரம்பத்தில் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் வாடகைக்கு எடுத்தார்கள். பி.ஐ. கம்பெனி அந்த ஆட்களை மிரட்டியது, கப்பல் கைவிட்டுப் போனது. உடனே கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்துச் சமாளித்தார்கள். வாடகைக் கப்பலை நம்பினால் எந்த நாளும் கழுத்தில் கத்திதான் என்று புரிந்துபோனது. வ.உ.சி. வடக்கே பம்பாய் வரை போய், பங்கும் கப்பலும் தேடி, எஸ்.எஸ். காலியா என்ற கப்பலோடு திரும்பினார். வேதமூர்த்தி முதலியார் பிரான்சுக்குப் போய் எஸ்.எஸ். லாவோவை வாங்கினார். 1907 மே மாதம் அவை தூத்துக்குடிக் கடலில் நின்றபோது ஊரே கரைக்கு வந்தது. சென்னையிலிருந்து பாரதியார் தன்னுடைய இந்தியா பத்திரிகையில் இதைக் கொண்டாடினார்.

இதற்கப்புறம் நடந்தது நம்ம தலைமுறைக்கு நன்றாகத் தெரிந்த கதை. ஆப் கம்பெனிகள் ஊருக்குள் நுழையும்போது என்ன செய்கின்றன? அள்ளி அள்ளித் தள்ளுபடி. பக்கத்துக் கடை சாகிற வரைக்கும். பி.ஐ. கம்பெனி நூறு வருஷத்துக்கு முன்பே அதைச் செய்தது. கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாய் வரை இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. அப்புறம் பி.ஐ. கம்பெனி சும்மாவே ஏற்றிக்கொண்டு போய், மேலே ஒரு குடையும் இனாமாகக் கொடுத்தது என்று சொல்வார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கப்பலில் நூறு பேர் ஏறினாலும் ஆயிரம் பேர் ஏறினாலும் நிலக்கரி, மாலுமி சம்பளம், துறைமுகக் கட்டணம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். பி.ஐ. கம்பெனிக்கு அப்போது நூற்றுக்கு மேல் கப்பல்கள், பல கடல்களில் வழித்தடங்கள். ஒரு தடத்தில் வருகிற நஷ்டத்தை இன்னொரு தடத்தில் ஈடுகட்டலாம். சுதேசிக் கம்பெனிக்கு இருந்தது இரண்டு கப்பல், ஒரு தடம். இது எப்படி முடியும் என்று ஒரு பேப்பரில் ரெண்டு வரி எழுதினாலே தெரிந்துவிடும். தெரிந்தும் அது கொஞ்ச காலம் ஓடியது என்றால் கடைத்தெருதான் காரணம். கூலி கம்மியாகக் கிடைக்கிற கப்பலை விட்டுவிட்டு, கூலி கேட்கிற கப்பலில் மூட்டையை ஏற்றிய வியாபாரிகள் இருந்தார்கள். வியாபாரி ஒருவர் வேண்டுமென்றே கூடுதல் செலவு செய்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று, கால் கிலோ தக்காளிக்குப் பேரம் பேசுகிற நம்ம வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1908 பிப்ரவரி 27இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். தூத்துக்குடியில் ஹார்வி கம்பெனியின் நூற்பாலை அது. சம்பளம் கம்மி, நேரம் அதிகம், வார விடுமுறை கிடையாது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பக்கத்தில் நின்றார்கள், கூட்டம் போட்டார்கள், பட்டினி கிடக்காமல் இருக்கப் பணம் திரட்டினார்கள். பத்து நாளுக்குள் மில் நிர்வாகம் இறங்கி வந்தது. சம்பளம் கூடியது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது.

இந்த நாட்களில் ஊர் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு, வ.உ.சி. வரலாற்றில் தவறாமல் வரும். சுதேசிக்காரர்களைப் பிடிக்காத ஒரு வக்கீல் சவரம் செய்துகொள்ள உட்கார்ந்திருக்கிறார். பாதி முடிந்தபோது பேச்சு வ.உ.சி. பக்கம் போனது. வக்கீல் எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் சவரத் தொழிலாளி கத்தியை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மீதி முகத்தைச் சிரைக்க ஊரில் வேறு ஆளும் கிடைக்கவில்லை. நாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தத் தொழிலாளியின் பக்கமிருந்து யோசித்தால், ஒரு நல்ல வாடிக்கை போனது, வக்கீல் வீட்டுப் பகை வந்தது. அவரிடம் 25 ரூபாய்ப் பங்கு வாங்கப் பணம் இருந்திருக்காது. தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார்.

மார்ச் 12ஆம் தேதி திருநெல்வேலியில் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைது செய்யப்பட்டார்கள். கலெக்டர் விஞ்ச் கூப்பிட்டார் என்று போனவர்களை அங்கேயே உள்ளே வைத்துவிட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன. கூட்டம் கட்டுக்கடங்காமல் போய் நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், போலீஸ் நிலையம் என்று தாக்கியது. மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள்.

தூத்துக்குடியில் வேறு விதம். ஊர் தன் கையை மடக்கிக்கொண்டது. மில் தொழிலாளர்கள் திரும்பவும் வேலையை நிறுத்தினார்கள். இந்த முறை அவர்களுக்குக் கோரிக்கை என்று எதுவும் கிடையாது, கைதான ஒருவருக்காக நிறுத்தினார்கள். கடைகள் அடைப்பு. ஜட்கா வண்டிக்காரர்கள் வண்டி பூட்டவில்லை. கசாப்புக் கடைக்காரர்கள் கடை திறக்கவில்லை. சவரத் தொழிலாளர்கள், சலவைத் தொழிலாளர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள் என்று ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் இப்படிப் போனது. அரசியல் காரணத்துக்காகத் தொழிலாளர்கள் நடத்திய இந்தியாவின் ஆரம்பகாலப் போராட்டங்களில் இதை வரலாற்று ஆசிரியர்கள் சேர்க்கிறார்கள். அன்றாடம் விற்றால்தான் அன்றாடம் சோறு என்கிற ஆட்கள் ஒரு வாரம் விற்காமல் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு அதில் பெரிசாகப் படுகிறது. மேலே தண்டனையும் வந்தது. கலகம் நடந்த ஊர் என்று சொல்லி கூடுதல் போலீஸைக் கொண்டுவந்து நிறுத்தி, அந்தச் செலவையும் ஊர்க்காரர்கள் தலையிலேயே வரியாகக் கட்டினார்கள். பங்குக்குப் பணம் போட்ட கடைக்காரர் இப்போது தன்னைக் காவல் காக்க வந்த போலீஸுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

1908 ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஒரு ஆயுள், சிவாவுக்கு இடம் கொடுத்ததற்கு இன்னொரு ஆயுள். இரண்டும் சேர்ந்து நாற்பது வருஷம் நாடுகடத்தல். வ.உ.சி.க்கு அப்போது வயது 35. சென்னை உயர் நீதிமன்றம் அதை ஆறு வருஷமாகக் குறைத்தது. கோயம்புத்தூர் சிறை, பிறகு கண்ணனூர் சிறை. கோயம்புத்தூரில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார்கள். அந்தச் செக்கு கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வேலையாகப் போகிறவர்கள் ஒரு எட்டு போய்ப் பார்க்கலாம்.

அவர் உள்ளே இருக்கும்போதே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது. இயக்குநர்களில் சிலருக்கு அவருடைய அரசியல் பயமாக இருந்தது, கைதுக்குப் பிறகு அந்தப் பயம் கூடியது. நஷ்டம் ஒரு பக்கம். அரசாங்கத்தின் கோபம் ஒரு பக்கம். காலியா போட்டிக் கம்பெனியிடமே போய்ச் சேர்ந்தது என்று வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். இயக்குநர்கள் துரோகம் செய்துவிட்டார்கள் என்று மேடையில் பேசுவது சுலபம். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. இரண்டு கப்பலை வைத்துக்கொண்டு நூறு கப்பலோடு மோதியவர்கள், தலைவரும் சிறையில், போலீஸ் வாசலில். எத்தனை நாள் தாங்குவார்கள்? அதே 1911 ஜூனில், தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்து வ.உ.சி.யை நெருக்கிய ஆஷ், மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வ.உ.சி. சிறையில்தான் இருந்தார்.

1912 டிசம்பர் கடைசியில் விடுதலை. வாசலில் பெரிய கூட்டம் எதுவும் இல்லை. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. திருநெல்வேலி மாவட்டத்துக்குள் திரும்பிப் போக வழியில்லை. மனைவி மீனாட்சியம்மாளோடும் குழந்தைகளோடும் சென்னைக்கு வந்தார். சினிமா இந்த இடத்தில் வேகமாக ஓடிவிடும். பாடப்புத்தகம் இங்கேயே நின்றுவிடும். எனக்கோ இதற்கப்புறம்தான் கதையே.

கடைக்காரர்களின் தலைவராக இருந்தவர், இப்போது தானே கடை வைத்தார். சென்னையில் மளிகைக் கடையும் மண்ணெண்ணெய்க் கடையும் நடத்திப் பார்த்தார். சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று வீடு மாறிக்கொண்டே இருந்தார். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு லோக்கல் ட்ரெயினில் போகிற நாம் கொரட்டூர், வில்லிவாக்கம் தாண்டிப் பெரம்பூரைக் கடக்கும்போது போனிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. பத்து லட்சம் ரூபாய்க் கம்பெனியை எழுப்பிய ஒருவர் அந்தப் பக்கம் வாடகை வீட்டில் குடியிருந்து, அடுத்த மாதத்தை எப்படி ஓட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

கடை சரியாகப் போகவில்லை. ஏன் என்று யோசித்தால், கப்பல் கம்பெனிக்குத் தேவையான திறமை வேறு, மளிகைக் கடைக்குத் தேவையான திறமை வேறு. கம்பெனி தொடங்க, அறிமுகமே இல்லாத நூறு பேரை நம்ப வைக்கத் தெரிய வேண்டும். கடை நடத்த, நன்றாகத் தெரிந்த பத்துப் பேரிடம் பாக்கியைக் கறாராகக் கேட்கத் தெரிய வேண்டும். ஏழைகளிடம் ஃபீஸ் வாங்காமல் வழக்காடிய மனிதர் கடனைத் திரும்பக் கேட்கும் காட்சி எனக்குக் கற்பனையில் வர மாட்டேன் என்கிறது. இது என் ஊகம்தான். ஆனால் வியாபாரத்தில் அவர் கையில் காசு தங்கவில்லை என்பது ஊகம் இல்லை.

அந்தக் காலத்தில் நடந்த ஒரு பண விவகாரத்தைச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் வ.உ.சி.க்காகக் கொஞ்சம் பணம் திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். காந்தி 1915 ஏப்ரலில் சென்னைக்கு வந்தபோது வ.உ.சி. அவரைச் சந்தித்தார். பணம் வந்து சேர்ந்ததா என்று காந்தி கேட்ட பிறகு கடிதங்கள் போகின்றன, வருகின்றன. பணம் மட்டும் வரவில்லை. வாரங்கள் மாதங்கள் ஆகின்றன. தன்மானம் உள்ள ஒரு ஆள், பணம் அனுப்பினீர்களா என்று திரும்பத் திரும்ப எழுத வேண்டிய நிலை. வேண்டாம் என்று சொல்லிவிடும் நிலையில் தன் குடும்பம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. கடைசியில் 1916 தொடக்கத்தில் மணியார்டர் வந்தது. 347 ரூபாய் 12 அணா. ஒரு ரூபாய்க்கு 16 அணா. சுதேசிக் கம்பெனியின் 14 பங்குகளின் விலை 350 ரூபாய். அதைவிட 2 ரூபாய் 4 அணா கம்மி. நாற்பதாயிரம் பங்கு விற்கக் கிளம்பியவருக்கு, பதினாலு பங்கு அளவுப் பணம் வருகிறதா என்று மாதக்கணக்காகத் தபால்காரரைப் பார்த்திருக்க வேண்டியிருந்தது.

இதில் ஆச்சரியம் என்னவென்றால் அந்த வருஷங்களில்தான் அவர் எழுதித் தள்ளினார். ஜேம்ஸ் ஆலன் புத்தகம் ஒன்றை அகமே புறம் என்று தமிழில் கொண்டுவந்தார். மெய்யறத்தை வெளியிட்டார். திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு 1917இல் பதிப்பித்தார். தொழிற்சங்கக் கூட்டங்களுக்கும் போனார். புத்தகமும் அன்றைக்குச் சோறு போடவில்லை, இன்றைக்கும் தமிழில் அந்த நிலைமை பெரிசாக மாறவில்லை.

பிறகு கோயம்புத்தூருக்குப் போய்க் கொஞ்ச காலம் வங்கி ஒன்றில் மேலாளர் வேலை. அதுவும் ஒத்துவரவில்லை. வக்கீல் தொழிலுக்குத் திரும்ப விண்ணப்பம் போட்டார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி சன்னது திரும்பக் கிடைக்க உதவினார். நன்றிக்கு வ.உ.சி. என்ன செய்தார் தெரியுமா? தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதிச் சொத்து, தொழில், ஆரோக்கியம் எல்லாவற்றையும் இழந்தவர், ஒரு வெள்ளைக்காரர் பெயரைத் தன் பிள்ளைக்கு வைக்கிறார். அவருடைய பகை எதன் மேல் இருந்தது, எதன் மேல் இல்லை என்பது எனக்கு அந்தப் பெயரில் தெரிகிறது.

கோவில்பட்டியில் சில வருஷம் வக்கீல் தொழில். 1932இல் தூத்துக்குடிக்கே திரும்பினார். காங்கிரஸை விட்டு 1920இல் விலகி, 1927இல் சேர்ந்து, அதிலும் பெரிதாக ஒட்டாமல் இருந்தார். கடைசி வருஷங்களில் வையாபுரிப் பிள்ளையோடு சேர்ந்து தொல்காப்பியத்தை இளம்பூரணர் உரையோடு பதிப்பிக்கும் வேலை. திரும்பி வந்தபோது அந்த ஊர்க் கடலில் வேறு கம்பெனிகளின் கப்பல்கள்தான் நின்றன. கடைத்தெருவில் பழைய ஆட்களில் சிலர் போய்ச் சேர்ந்திருப்பார்கள், சிலர் வயதாகிக் கல்லாவில் பிள்ளைகளை உட்கார வைத்திருப்பார்கள். அந்தக் கடைகளில்தான் வ.உ.சி. வீட்டுக்கும் அரிசி பருப்பு வாங்கியாக வேண்டும்.

1936 நவம்பர் 18இல் தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் இறந்தார். அங்கே கொண்டுபோய் வைக்கச் சொன்னது அவரே. 1961இல் சினிமா வந்தது, 1972இல் தபால்தலை வந்தது, 2011இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் வந்தது.

இறப்பதற்கு முன்பு அவர் ஒரு உயில் எழுதி வைத்தார். வக்கீல் இல்லையா, ஒழுங்காகவே எழுதினார். பிள்ளைகளுக்கு என்ன செய்ய வேண்டும், இருப்பது என்ன, கொடுக்க வேண்டியது என்ன என்று வரிசையாக. கொடுக்க வேண்டியவற்றின் பட்டியலில் ஊர்க் கடைகளும் வருகின்றன. ஜவுளிக்கடைக்கு இவ்வளவு, எண்ணெய்க்கடைக்கு இவ்வளவு, சில்லறைக் கடன் இவ்வளவு. சின்னச் சின்னத் தொகைகள்தான். ஒன்றையும் விடாமல் குறித்து, எல்லாவற்றையும் தீர்த்துவிட ஏற்பாடு சொல்லியிருந்தார்.